கை காட்டி அனுப்புகிறவர் யார்?



சென்ற செயற்குழுவில் நம் சங்கத்தின் இணையதளம் குறித்து ஒரு விஷயம் பேசப்பட்டு, முடிவு எடுக்காமல் அடுத்த கூட்டத்திற்குத் தள்ளி வைக்கப்பட்டது. வராத உறுப்பினர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சங்கத் தளத்தின் அடிப்பகுதியில் வெளியூர் நிறுவனங்கள் சிலவற்றின் பெயரைப் போட்டு, அந்தப் பெயரைத் தொட்டால் அவர்கள் தளத்துக்குப் போகும்படி இணைப்புக் கொடுக்க வேண்டுமாம். அதற்கு வருஷத்துக்கு ஒரு தொகை தருவதாக ஓர் ஏஜெண்டு கேட்டிருக்கிறார். "சும்மா கிடக்கிற இடம்தானே அண்ணாச்சி, வருகிற பணம் மகமைக் கணக்கில் சேரட்டுமே" என்று இளைஞர்கள் சிலர் சொன்னார்கள். நான் கூடாது என்றேன். கூட்டத்தில் காரணத்தை விளக்கப் போதிய நேரம் கிடைக்கவில்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. சங்கத்திடம் பணம் கொடுத்து இணைப்பு வாங்க ஒருவர் வருகிறார் என்றால், நம் உறுப்பினர்களிடம் பணம் வாங்கிக்கொண்டு இணைப்பு விற்கவும் வேறு சிலர் வந்து கொண்டுதான் இருக்கிறார்கள். சாத்தூர், சிவகாசி, விருதுநகர் வட்டாரத்தில் கடைக்குச் சொந்தமாகத் தளம் வைத்திருப்பவர் எவருக்கும் மாதம் இரண்டு போனாவது வரும். "உங்க சைட்டுக்கு நூறு பேக்லிங்க் போட்டுத் தர்றோம், கூகுள்ல முதல் பக்கத்துக்கு வந்துருவீங்க" என்பார்கள். நூறு, ஐந்நூறு, ஆயிரம் என்று மூட்டைக் கணக்கில்தான் பேச்சு. சரக்கைப் பிரித்துக் காட்டுவது மட்டும் கிடையாது. துவரம்பருப்பு வாங்கினால் குத்தூசி போட்டு உள்ளே இருந்து நாலு பருப்பு எடுத்துக் கையில் தேய்த்துப் பார்க்கிற நாம், இந்தச் சரக்கை மட்டும் மூட்டை பிரிக்காமலே பணம் கட்டி வாங்குகிறோம்.

பேக்லிங்க் என்பது என்ன? வேறு ஒருவருடைய தளத்தில் நம் கடையின் பெயர் இருந்து, அதைத் தொட்டால் நம் தளம் திறந்தால் அது நமக்கு ஒரு பேக்லிங்க். அவ்வளவுதான். அதற்கு ஏன் விலை வந்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

கிராமத்திலிருந்து புதிதாகக் கடை போடும் ஒருவர் விருதுநகரில் ஒரு கமிஷன் மண்டிக்குப் போகிறார் என்று வைத்துக் கொள்ளுங்கள். கடனுக்குச் சரக்கு வேண்டும். மண்டிக்காரர் முதலில் கேட்பது, "யார் அனுப்பிச்சது?" என்பதுதான். இருபது வருஷமாகக் கணக்கு நேராக வைத்திருக்கிற ஒரு மொத்த வியாபாரி அனுப்பினார் என்றால் அந்த ஒரு பெயரே போதும். தினம் பத்துப் பேருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்புகிறவர் பெயரைச் சொன்னால் மண்டிக்காரர் சிரிப்பார். சீட்டுக்குக் காசு வாங்குகிறவர் என்று தெரிந்துவிட்டால் அந்தச் சீட்டைக் கையிலேயே வாங்க மாட்டார். மூன்றாவது வகை ஒன்றும் உண்டு. "ஆளைத் தெரியும், ஆனால் ஜாமீன் நானில்லை" என்று சொல்லி அனுப்புகிறவர். அதிலும் தப்பில்லை. ஆனால் அதை வைத்து யாரும் கடன் கொடுப்பதில்லை.

கூகுள் தேடுபொறி பிறந்ததே ஏறக்குறைய இந்த மண்டிக் கணக்கில்தான். 1998இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவர்களாக இருந்த லாரி பேஜ், செர்ஜி பிரின் இருவரும் இந்த முறையை வெளியிட்டார்கள். அதற்கு முன்பிருந்த தேடும் முறைகள் பெரும்பாலும் பக்கத்தில் உள்ள சொற்களை எண்ணிப் பார்த்தன. 'பட்டாசு, பட்டாசு' என்று நூறு தடவை எழுதி வைத்தவன் முன்னால் வந்து நின்றான். இவர்களோ ஒரு பக்கத்துக்கு எத்தனை பேர் கை காட்டுகிறார்கள், கை காட்டுகிறவருக்கு எத்தனை பேர் கை காட்டுகிறார்கள் என்று பார்த்து எடை போட்டார்கள். ஒரு பக்கத்துக்கு இருக்கிற எடை, அதிலிருந்து வெளியே போகும் இணைப்புகளுக்குப் பங்காகப் போகும். நாலு பேருக்கு மட்டும் கை காட்டினால் பங்கு பெரிசு. நாலாயிரம் பேருக்குக் காட்டினால் ஒரு சிட்டிகை. இன்றைக்கு கூகுள் இதோடு இன்னும் எத்தனையோ விஷயங்களைப் பார்க்கிறது. இணைப்பு முன்போல அத்தனை பெரிய காரணம் இல்லை என்று அந்தக் கம்பெனி ஆட்களே சொல்கிறார்கள். ஆனாலும் அடிப்படைக் கணக்கு போய்விடவில்லை.

எடைக்கு மதிப்பு வந்தால் கலப்படம் வரும். வந்தது. கண்ட இடத்திலெல்லாம் தங்கள் விளம்பரத்தை எழுதி ஒட்டிவிட்டுப் போகிற கூட்டம் பெருகிற்று. 2005 ஜனவரியில் கூகுள், யாஹூ, மைக்ரோசாப்ட் மூன்றும் சேர்ந்து ஓர் அடையாளத்தை ஏற்றுக்கொண்டன. இணைப்பு கொடுக்கிறவர் அந்த இணைப்போடு 'நோஃபாலோ' என்று ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டால், "ஆளைத் தெரியும், ஜாமீன் நானில்லை" என்று அர்த்தம். பார்க்கிற மனிதருக்கு அது தெரியாது. தொட்டால் தளம் திறக்கும். தேடுபொறிக்கு மட்டும் தெரியும். விக்கிபீடியா 2007 முதல் தன் வெளி இணைப்புகளுக்கு இந்தச் சொல்லைச் சேர்த்து வருகிறது. 2019 செப்டம்பரில் கூகுள் இன்னும் இரண்டு சொற்களைக் கொண்டு வந்தது. காசு வாங்கிக்கொண்டு கொடுத்த இணைப்புக்கு 'ஸ்பான்சர்டு', வந்து போகிறவர்கள் தாங்களாக எழுதிவிட்டுப் போன இணைப்புக்கு 'யூஜிசி'. இந்தச் சொற்களைத் தாங்கள் கட்டளையாக எடுத்துக்கொள்வதில்லை, ஒரு குறிப்பாக எடுத்துக்கொள்வோம் என்றும் அப்போது சொல்லியிருக்கிறார்கள். அதாவது சில வேளைகளில் கொஞ்சம் கணக்கில் சேரலாம், சேராமலும் போகலாம். "அதான் குறிப்புன்னு சொல்லிட்டாங்கள்ல" என்று ஏஜெண்டு இதைப் பிடித்துக்கொண்டு பேசுவார். வரலாம் போகலாம் என்கிற சரக்குக்கு முழு விலை எதற்கு என்று கேளுங்கள்.

எனக்குத் தெரிந்த தம்பி ஒருவர் சாத்தூர்ப் பக்கம் மளிகையும் சேவு வியாபாரமும் செய்கிறார். நல்ல உழைப்பாளி. காராச்சேவு வெளியூருக்குப் பார்சல் அனுப்பலாம் என்று தளம் ஒன்று போட்டார். அதன் பிறகு ஒரு ஏஜெண்டு 18,000 ரூபாய் வாங்கிக்கொண்டு 120 இணைப்பு போட்டதாகப் பட்டியல் கொடுத்திருக்கிறார். ஆறு மாதம் ஆகியும் ஒரு பார்சல் கூடுதலாகப் போகவில்லை. பட்டியலை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். கம்ப்யூட்டர் பழகிய என் பேத்தியும் நானுமாக ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தோம். 22 பக்கம் திறக்கவே இல்லை. 71 இணைப்பில் அந்த 'நோஃபாலோ' சொல் இருந்தது. 18 பக்கம் திறந்தது, சொல்லும் இல்லை, ஆனால் அந்தப் பக்கமே கூகுளில் கிடையாது. மீதி 9. அதில் ஆறு பக்கங்களில் வெளிநாட்டுக் கடன், சூதாட்டம், மாத்திரை என்று நூற்றுக்கணக்கான பெயர்களுக்கு நடுவில் நம் காராச்சேவுக் கடையும் உட்கார்ந்திருந்தது. கடைசி மூன்று சுத்தமான இணைப்புகள். அவற்றில் ஒன்று, இவருக்கு எண்ணெய் சப்ளை செய்கிற கம்பெனியின் டீலர் பட்டியல். மற்ற இரண்டும் அவர் உறவினர்களின் கடைத் தளங்கள். மூன்றுமே ஏஜெண்டு வருவதற்கு முன்பிருந்தே இருந்தவை. அதையும் எண்ணிக்கையில் சேர்த்துப் பணம் வாங்கியிருக்கிறார்.

18,000 ரூபாய் பெரிய தொகையா என்று கேட்பவர்கள் உண்டு. பருப்பில் கிலோவுக்கு மூன்று ரூபாய் நிற்கிறது என்றே வைத்துக்கொள்வோம். 6,000 கிலோ விற்றால் 18,000. ஐம்பது கிலோ மூட்டையில் 120 மூட்டை. ஓர் இணைப்புக்கு ஒரு மூட்டை லாபம் போயிருக்கிறது.

சரி, எப்படிப் பார்ப்பது? பெரிய வித்தை இல்லை. பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றவன் நான், எனக்கே அரை மணியில் பழகிவிட்டது. போனில் பார்ப்பது சிரமம். பில் போடுகிற கம்ப்யூட்டரில் பாருங்கள். ஏஜெண்டு கொடுத்த பட்டியலில் ஒரு பக்கத்தைத் திறந்து, கண்ட்ரோல் பட்டனை அழுத்திக்கொண்டு 'யூ' எழுத்தை அழுத்தினால் அந்தப் பக்கம் எழுதப்பட்டிருக்கும் ஆங்கில எழுத்துக்கள் ஓலைச்சுவடி போல வரிவரியாக வரும். பயப்பட வேண்டாம், அதை யாரும் படிப்பதில்லை. கண்ட்ரோலோடு 'எஃப்' அழுத்தி உங்கள் தளத்தின் பெயரை அடித்துத் தேடுங்கள். அந்த இடத்தில் உங்கள் முகவரிக்கு முன்னால் 'ஹெச்ரெஃப்' என்று இருக்கும். அதே அடைப்புக்குள் 'ரெல்' என்று தொடங்கி ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அங்கே நோஃபாலோ, ஸ்பான்சர்டு, யூஜிசி என்ற மூன்றில் ஒன்று இருந்தால் அது ஜாமீன் இல்லாத சீட்டு. நோஃபாலோ என்பது என்-ஓ-எஃப்-ஓ-எல்-எல்-ஓ-டபிள்யூ என்று இடைவெளி இல்லாமல் ஒரே சொல்லாக இருக்கும். 'நோஓபனர்', 'நோரெஃபரர்' என்று வேறு சொற்களும் அங்கே வரும். அவற்றைப் பார்த்துக் கலங்க வேண்டாம், அவை பாதுகாப்புக்காக வைப்பவை. மூன்றில் ஒன்றும் இல்லையென்றால் சாதாரண இணைப்பு.

உங்கள் பெயர் அந்தச் சுவடியில் அகப்படவே இல்லையா? சில தளங்களில் எழுத்துக்கள் பிறகுதான் வந்து சேரும். அப்போது பக்கத்தில் உள்ள உங்கள் கடைப் பெயரின் மேல் மவுசின் வலது பட்டனை அழுத்தி 'இன்ஸ்பெக்ட்' என்பதைத் தொட்டால் அந்த இடம் மட்டும் தெரியும். அங்கே 'ஹெச்ரெஃப்' இல்லாமல் வேறு ஏதோ ஏற்பாட்டில் தளம் திறப்பதாக இருந்தால், அந்த இணைப்பை கூகுள் எடுத்துக்கொள்ளும் என்று நம்ப முடியாது.

அடுத்தது, அந்தப் பக்கம் கூகுளுக்குத் தெரியுமா என்பது. இதைத்தான் பலரும் பார்ப்பதில்லை. ஊருக்கே தெரியாத ஆள் கொடுக்கிற சிபாரிசு எங்கே செல்லுபடியாகும்? கூகுளில் ஆங்கிலத்தில் 'சைட்' என்று அடித்து, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் அந்தப் பக்கத்தின் முழு முகவரியை ஒட்டித் தேடுங்கள். பக்கம் வந்தால் சரி. வராவிட்டால் பெரும்பாலும் அது கூகுள் கணக்கில் இல்லை. ஏஜெண்டுகள் சிலர் இதில் கெட்டிக்காரர்கள். இணைப்பில் 'நோஃபாலோ' சேர்க்காமல் சுத்தமாக வைத்துவிட்டு, பக்கத்தின் தலைப்பகுதியில் 'ரோபோட்ஸ்' என்ற வரியில் 'நோஇன்டெக்ஸ்' அல்லது 'நோஃபாலோ' என்று ஒரே வார்த்தையில் பக்கம் முழுவதற்குமே முடிச்சுப் போட்டு வைத்திருப்பார்கள். எனவே சுவடியின் மேல்பகுதியிலும் 'ரோபோட்ஸ்' என்று ஒரு தரம் தேடிவிடுவது நல்லது.

இவ்வளவும் சரியாக இருந்தால் கடைசியாகக் கண்ணால் பார்க்க வேண்டியது அந்தப் பக்கத்தில் உங்களோடு வேறு யார் யார் இருக்கிறார்கள் என்பது. இதற்குக் கம்ப்யூட்டர் அறிவு தேவையில்லை, கடைக்கார புத்தி போதும்.

கூகுள் நிறுவனமே 'சர்ச் கன்சோல்' என்று ஓர் ஏற்பாட்டை இலவசமாக வைத்திருக்கிறது. உங்கள் தளம் உங்களுடையதுதான் என்று நிரூபித்துவிட்டால், உங்களுக்கு யார் யார் இணைப்புக் கொடுத்திருப்பதாக அவர்களுக்குத் தெரிகிறது என்று பட்டியல் வரும். தளம் வைத்திருக்கிற உறுப்பினர்கள் இதை எடுத்து வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒன்று. நோஃபாலோ போட்ட இணைப்பும் அந்தப் பட்டியலில் வரும். ஆகையால் "பாருங்க, கூகுளே காட்டுது" என்று ஏஜெண்டு இதை நீட்டினால் அது மதிப்புக்கு அத்தாட்சி ஆகாது. இன்னொரு நம்பர் காட்டுவார்கள், 'டிஏ' நாற்பது, 'டிஏ' ஐம்பது என்று. அது மோஸ் என்ற தனியார் கம்பெனி தன் கணிப்பில் போடுகிற மார்க். கூகுளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. முன்பு கூகுளே ஒவ்வொரு பக்கத்துக்கும் பூஜ்யம் முதல் பத்து வரை ஒரு மார்க்கை வெளியில் காட்டிக் கொண்டிருந்தது. 2016இல் அதையும் எடுத்துவிட்டார்கள். இன்றைக்கு எந்த இணைப்பு எவ்வளவு எடை கொடுத்தது என்பது கூகுளுக்கு வெளியே உள்ள எவருக்கும் தெரியாது. எது நிச்சயமாகக் கொடுக்காது என்பதைத்தான் நாம் கண்டுபிடிக்க முடியும். வியாபாரிக்கு அதுவே பெரிய லாபம்.

"எல்லாரும் வாங்குறாங்க, நாம மட்டும் சும்மா இருந்தா பின்னாடி போயிருவோமே" என்பது இளைஞர்களின் வாதம். நியாயமான கேள்விதான். நடந்ததைச் சொல்கிறேன். அமெரிக்காவில் ஜே.சி.பென்னி என்று நூறு வருஷத்துக்கும் மேலான பெரிய ஜவுளிக் கம்பெனி. 2010 பண்டிகைக் காலத்தில் மெத்தை விரிப்பு என்று தேடினாலும், கவுன் என்று தேடினாலும் கூகுளில் அவர்கள்தான் முதலில். சம்பந்தமே இல்லாத நூற்றுக்கணக்கான தளங்களில் அவர்களுக்காகக் காசுக்கு இணைப்புப் போடப்பட்டிருந்தது என்பதை 2011 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை வெளியிட்டது. தங்களுக்குத் தெரியாமல் நடந்தது என்று கம்பெனி சொல்லிற்று. கூகுள் கேட்கவில்லை, பின்னுக்குத் தள்ளிவிட்டது. 2006இல் ஜெர்மனியில் பி.எம்.டபிள்யூ கார் கம்பெனியின் தளத்தையே, வேறு ஒரு தில்லுமுல்லுக்காக, கூகுள் தன் கணக்கிலிருந்து தூக்கிவிட்டு, சரி செய்த பிறகுதான் திரும்பச் சேர்த்தது. 2012 ஏப்ரலில் 'பென்குவின்' என்று பெயரிட்ட ஒரு மாற்றத்தைக் கொண்டு வந்து, காசுக்கு இணைப்பு வாங்கியவர்களைக் கூட்டமாகக் கீழே இறக்கினார்கள். 2016க்குப் பிறகு அந்த முறையில் ஆளைத் தண்டிப்பதை விட அந்த இணைப்பைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதே பெரும்பாலும் நடக்கிறது. நமக்கு இதில் என்ன ஆறுதல்? கடை மூழ்காது, பணம் மட்டும் மூழ்கும்.

கூகுள் சொல்வதெல்லாம் வேதவாக்கு என்று நான் சொல்ல வரவில்லை. சென்னையிலிருந்து நடக்கிற பாரத் மேட்ரிமோனி நிறுவனத்தார் கொடுத்த புகாரும் சேர்ந்துதான் இந்தியப் போட்டி ஆணையம் வரை போயிற்று. தேடல் முடிவுகளில் தன் சொந்த சேவைகளுக்குச் சாதகமாக நடந்துகொண்டதாக 2018 பிப்ரவரியில் கூகுளுக்கு 135.86 கோடி ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. தராசு அவர்கள் கையில் இருக்கிறது, தராசுக்காரர் மேலும் ஒரு கண் இருக்க வேண்டியதுதான். ஆனால் தராசுக்காரரைக் குறை சொல்லிவிட்டு, எடைக்கல்லுக்கு அடியில் புளி ஒட்டித் தருகிறேன் என்று வருகிறவனிடம் பணம் கொடுப்பது புத்திசாலித்தனமாக எனக்குப் படவில்லை.

இனி சங்கத் தளத்தின் விஷயத்துக்கு வருகிறேன். அந்த ஏஜெண்டு நம்மிடம் கேட்டிருப்பது 'நோஃபாலோ', 'ஸ்பான்சர்டு' சொல் எதுவும் இல்லாத சுத்தமான இணைப்பு. அந்தச் சொல்லைச் சேர்த்துத்தான் போடுவோம் என்றால் ஒரு பைசாவும் தரமாட்டேன் என்று போனிலேயே சொல்லிவிட்டார். அப்படியென்றால் அவர் வாங்க வருவது விளம்பர இடத்தை இல்லை, சங்கத்தின் ஜாமீனை. ஊரில் நாலு பேர் நம்புகிறார்கள் என்பதற்காக வருகிறார். யாருக்குக் கை காட்டப் போகிறோம் என்று கேட்டதற்கு, "அது மாசா மாசம் மாறும் சார்" என்றாராம். இன்றைக்கு ஒரு சோப்புக் கம்பெனி, நாளைக்கு ஒரு ரம்மி விளையாட்டு. பணம் வைத்து ஆடுகிற ஆன்லைன் விளையாட்டுக்கு விளம்பரம் செய்வதையே தடை செய்து 2025இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியிருக்கிறது. மாதா மாதம் மாறுகிற பெயர்களை யார் உட்கார்ந்து சரிபார்ப்பது? நோட்டீஸ் வந்தால் யார் பெயருக்கு வரும்?

நம் பகுதியில் பட்டாசு இருப்பதால் இந்தக் கவலை இரண்டு மடங்கு. பட்டாசுக்கு ஆன்லைனில் ஆர்டர் எடுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23 அன்று உத்தரவு போட்டது. அப்படியும் தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே சிவகாசி பெயரைப் போட்டுக்கொண்டு, எங்கேயோ உட்கார்ந்திருப்பவன் போலித் தளம் திறந்துவிடுகிறான். பாதி விலை என்று விலைப்பட்டியல், முன்பணம் கட்டு என்று ஒரு நம்பர். பணம் போன பிறகு போன் எடுக்க ஆள் இல்லை. 2024 தீபாவளிக்கு முன்பும் தமிழக சைபர் கிரைம் போலீசார் இதைப் பற்றி எச்சரித்தார்கள். 1930 என்ற எண்ணில் புகார் கொடுக்கலாம் என்பதை வாடிக்கையாளர்களுக்குச் சொல்லி வையுங்கள். ஏமாந்தவன் திட்டுவது போலித் தளத்துக்காரனை இல்லை. சிவகாசிக்காரனைத் திட்டுகிறான். தீப்பெட்டிக் காலத்திலிருந்தே லேபிளைக் காப்பியடிக்கிறவர்களோடு மல்லுக்கட்டிப் பழகிய ஊர் அது. இப்போது ஊரின் பெயரையே காப்பியடிக்கிறார்கள். அப்படிப்பட்ட ஒரு தளத்துக்கு நம் சங்கத் தளத்திலிருந்து ஓர் இணைப்பு போயிருந்தது என்று வெளியில் வந்தால், வருஷ வாடகை எவ்வளவு வாங்கியிருந்தாலும் அந்தப் பெயரைத் திரும்ப வாங்க முடியாது.

ஆகவே என் யோசனை இது. வெளியாருக்கு இடம் விற்க வேண்டாம். அதே இடத்தில் நம் உறுப்பினர் கடைகளின் பட்டியலைப் போடுவோம், இலவசமாக, நோஃபாலோ எதுவும் இல்லாமல். இருக்கன்குடியில் பாத்திரக்கடை, சாத்தூரில் சேவுக்கடை, விருதுநகரில் வத்தல் மண்டி என்று ஊர் வாரியாக, என்ன வியாபாரம் என்ற ஒரு வரியோடு. உணவுப் பொருள் விற்பவரானால் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 14 இலக்க எண், பட்டாசுக் கடையானால் லைசென்ஸ் நகல். அலுவலகத்தில் பார்த்த பிறகே பெயர் ஏறட்டும். லைசென்ஸ் காலாவதியானால் பெயர் இறங்கட்டும். இந்த ஜாமீனைத்தான் சங்கம் கொடுக்கலாம், ஏனென்றால் அந்த ஆளை நமக்குத் தெரியும்.

உறுப்பினர்களும் தாங்களாகச் செய்யக் கூடியது கொஞ்சம் இருக்கிறது. நீங்கள் பல வருஷமாகச் சரக்கு எடுக்கிற எண்ணெய்க் கம்பெனி, மசாலாக் கம்பெனி, சேமியாக் கம்பெனி எல்லோருக்கும் தளம் இருக்கும். டீலர் பட்டியலில் உங்கள் கடைப் பெயரைப் போட்டு இணைப்புக் கொடுக்கச் சொல்லி சேல்ஸ் ரெப்பிடம் கேளுங்கள். காலண்டரும் பனியனும் கேட்டு வாங்குகிறோம், இதைக் கேட்பதில் என்ன வெட்கம்? அந்தத் தம்பியின் 120இல் உருப்படியாக நின்றது இப்படிப்பட்டதுதானே.

தளமே இல்லாத சின்னக் கடைக்காரர்கள் இதையெல்லாம் படித்துவிட்டு ஏக்கப்பட வேண்டாம். சொல்லப்போனால் அவர்களுக்கு பேக்லிங்கே தேவையில்லை. கூகுள் மேப்பில் கடையைப் பதிவு செய்வது இலவசம். அதில் பக்கத்துக் கடைகளை வரிசைப்படுத்துவதற்குக் கேட்பது எதற்குப் பொருத்தம், எவ்வளவு தூரம், எத்தனை பேர் அறிந்த கடை என்பவற்றைத்தான் என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். ஆடி கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மன் கோவிலுக்கு வருகிற ஜனக்கூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். நடந்தே வருகிறவர்கள் எத்தனை பேர், வைப்பாற்றங்கரையில் வண்டி போட்டுப் பொங்கல் வைக்கிறவர்கள் எத்தனை பேர். அச்சு வெல்லம் தீர்ந்து போனால் பக்கத்தில் எந்தக் கடை திறந்திருக்கிறது என்று போனைத்தான் எடுக்கிறார்கள். கடையின் பெயர், சரியான போன் நம்பர், திறக்கிற நேரம், கடை வாசல் போட்டோ ஒன்று. இந்த நாலும் ஒழுங்காக இருந்தால் அந்த வெல்லம் உங்கள் கடையில் விற்கும். இதற்கும் பணம் கேட்டு ஆள் வருவான். "மேப்பில் ஏற்றித் தருகிறேன், 5,000 ரூபாய்" என்பான். பேரப் பிள்ளைகளிடம் சொன்னால் பத்து நிமிஷ வேலை. சரிபார்ப்பதற்குக் கூகுள் பணம் வாங்குவதில்லை.

அடுத்த செயற்குழுவில் ஏஜெண்டின் கோரிக்கையை நிராகரிக்க வேண்டும் என்றும், உறுப்பினர் பட்டியலை ஏற்ற வேண்டும் என்றும் இரண்டு தீர்மானங்களை நான் முன்மொழிய இருக்கிறேன். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தாராளமாக வந்து பேசட்டும், எழுதவும் செய்யட்டும். ஏற்கெனவே பேக்லிங்குக்குப் பணம் கட்டியிருக்கிற உறுப்பினர்கள் ஏஜெண்டு கொடுத்த பட்டியலைப் பிரிண்ட் எடுத்துக் கையோடு கொண்டு வாருங்கள். கூட்டம் முடிந்ததும் சங்க அலுவலகக் கம்ப்யூட்டரிலேயே உட்கார்ந்து பார்த்துவிடலாம். பட்டியலே தராத ஏஜெண்டாக இருந்தால் வருவதற்கு முன்னால் போன் போட்டு எழுத்து மூலம் கேட்டு வாங்கி விடுங்கள்.